முதிர்ச்சியும் இறப்பும் ஒரே சட்டகத்தில்: லுக்கேமியா உயிரணு ஆய்வின் ஒரு வரலாறு

இரத்தப் புற்றுநோயை மூலக்கூறுகளால் அறியும் முன்பே மருத்துவர்கள் அதனை வடிவத்தால் அறிந்தனர். 1870களின் பிற்பகுதியில் பால் எர்லிக் வெள்ளணுக்களுக்குச் சாயமேற்றும் முறைகளை வகுத்த பிறகு, கண்ணாடித் தகட்டில் பூசி உலர்த்திய ஒரு துளி இரத்தம் நோயைப் படிக்கும் ஏடாயிற்று. பெரிய உருண்டை உட்கருவுடன் நிற்பது முதிராத உயிரணு. உட்கரு மூன்று நான்கு கதுப்புகளாகப் பிரிந்திருப்பது முதிர்ந்த நியூட்ரோபில். சுருங்கி, கொப்புளமிட்டு, துண்டுகளாகச் சிதறுவது இறந்துகொண்டிருக்கும் உயிரணு. நெடுங்காலம் இவ்வடிவங்கள் நோயை வகைப்படுத்தும் அடையாளங்களாகவே பயன்பட்டன. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு உயிரணுவைக் கொண்டுசெல்வது எது என்ற வினாவுக்கு விடை காணும் கருவிகள் அன்று இல்லை.

இப்பதிவு அவ்வினாவின் வரலாற்றைச் சொல்ல முயல்கிறது. சற்று நீளமானது, உயிரியல் மாணவர்களையும் அறிவியல் வரலாறு பயில்வோரையும் மனத்திற்கொண்டு எழுதியது. என் வாதம் இதுதான்: லுக்கேமியா உயிரணு முதிர்வதையும் இறப்பதையும் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துப் பேசுகின்றன. உயிரணுவின் சட்டகத்தைப் பின்தொடர்ந்து சென்றால், அவை ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும் என்பது புலப்படும். அச்சட்டகத்தின் விறைப்பும் நெகிழ்வும் சில வேளைகளில் நோயாளியின் உயிரையே தீர்மானிக்கக்கூடியவை.

1. சட்டகம் கண்ணுக்குத் தெரிந்த கதை

உயிரணுச் சட்டகம், அதாவது சைட்டோஸ்கெலிட்டன், ஆக்டின் இழைகள், நுண்குழல்கள், இடைநிலை இழைகள் என்ற மூவகை இழைகளால் ஆனது. இவை மூன்றும் வெவ்வேறு வழிகளில் அறிவியலுக்கு அறிமுகமாயின.

ஆக்டின் தசையின் புரதமாகவே முதலில் அறியப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், ஹங்கேரியின் செகெட் நகரில் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்ட்ராப் அதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். தசையல்லாத உயிரிகளிலும் அது உண்டு என்பது 1966இல் ஜப்பானின் ஹட்டானோவும் ஊசாவாவும் சளிப்பூஞ்சை ஒன்றிலிருந்து அதனைப் பிரித்தபோதுதான் உறுதிப்பட்டது. 1974இல் லாசரிடிசும் வெபரும் ஆக்டினுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்துடன் இணைத்து, உயிரணுவுக்குள் அவ்விழைகள் நீண்டு கிடப்பதைப் படமாகவே காட்டினர்.

நுண்குழல்களின் கதை வேறு. 1963இல் குளுட்டரால்டிஹைடு கொண்டு உயிரணுக்களைப் பதப்படுத்தும் முறை அறிமுகமாயிற்று. அதுவரை பதப்படுத்தும்போதே சிதைந்துபோன மெல்லிய குழல்கள் இப்போது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தப்பிப் பிழைத்தன. அதே ஆண்டில் லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவர உயிரணுக்களில் அவற்றை விவரித்தனர். அக்குழல்களை ஆக்கும் புரதத்துக்கு டியூபுலின் என்ற பெயரை ஜப்பானின் மோரி 1968இல் இட்டார். இடைநிலை இழைகள் தனி வகையாக அறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவற்றுள் ஒன்றான விமென்டின் தன் பெயரைப் பெற்றது 1978இல்.

இந்த ஆண்டுகளோடு மற்றோர் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்பட்ட வின்கிரிஸ்டின் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1963இல். கனடாவில் நோபிள், பீர் ஆகியோர் அச்செடியின் சாறு எலிகளின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தனர். அதன் உடன்பிறப்பே வின்கிரிஸ்டின். இம்மருந்து டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. டியூபுலினுக்குப் பெயரிடப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, அதனைத் தாக்கும் மருந்து லுக்கேமியாவுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டுவந்தது. இத்துறையில் மருந்து முன்னே சென்று விளக்கம் பின்னே வருவது இதோடு நின்றுவிடவில்லை.

2. வளர மறந்த உயிரணு

லுக்கேமியா என்பது கட்டற்ற பெருக்கம் என்ற எண்ணமே நீண்ட காலம் நிலவியது. பெருகுவதைக் கொல்ல வேண்டும் என்பதே அதிலிருந்து பிறந்த மருத்துவம். இதற்கு மாறான ஓர் எண்ணம் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று. ஜப்பானின் இச்சிகாவா 1969இல் சுண்டெலியின் மைலாய்டு லுக்கேமியா உயிரணுக்கள் வளர்ப்புக் கலத்தில் முதிர்வதைக் காட்டினார். இஸ்ரேலில் லியோ சாக்ஸ் இதே திசையில் உழைத்தார். 1971இல் நியூயார்க்கில் ஷார்லட் ஃபிரெண்ட், டி.எம்.எஸ்.ஓ. என்னும் எளிய கரைப்பானைச் சேர்த்தபோது சுண்டெலியின் லுக்கேமியா உயிரணுக்கள் ஹீமோகுளோபின் உண்டாக்கத் தொடங்கியதைக் கண்டார். புற்றுநோய் உயிரணு திரும்பிவர முடியாத பாதையில் சென்றுவிட்டது என்ற நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. பெருக்கத்தோடு முதிர்வும் தடைபட்டிருக்கிறது என்றால், அத்தடையை நீக்குவதும் மருத்துவமே.

மனித உயிரணுவில் இதைச் சோதிக்க வாய்ப்பளித்தது எச்.எல்.-60 என்னும் வளர்ப்பு வரிசை. கடும் லுக்கேமியாவுற்ற 36 வயதுப் பெண் ஒருவரின் இரத்தத்திலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் காலின்சும் கேலோவும் அவர்தம் குழுவினரும் இதனை உருவாக்கி 1977இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே டி.எம்.எஸ்.ஓ. அதனை முதிர்வித்தது. 1979இல் ரொவேராவும் உடனாய்வாளர்களும் ஃபோர்பால் எஸ்டர் சேர்த்தபோது, நீர்மத்தில் மிதந்துகொண்டிருந்த அதே உயிரணுக்கள் கலத்தின் அடியில் ஒட்டிப் பரவி மேக்ரோபேஜ் போன்றவை ஆயின. 1980இல் பிரைட்மேன் குழுவினர் வைட்டமின் ஏ-யின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலம் அவற்றை நியூட்ரோபில் போன்ற உயிரணுக்களாக மாற்றுவதைக் காட்டினர். 1981இல் அவர்களே 21 நோயாளிகளின் உயிரணுக்களை நேரடியாகச் சோதித்தபோது, ரெட்டினாயிக் அமிலத்துக்கு இணங்கியவை கடும் புரோமைலோசைட் லுக்கேமியா கொண்ட இருவரின் உயிரணுக்கள் மட்டுமே.

அறிவியல் வரலாற்று மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். எச்.எல்.-60 புரோமைலோசைட் லுக்கேமியாவைச் சேர்ந்தது என்றே தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. 1988இல் மூல நோயாளியின் பதிவுகளை மீளாய்ந்தபோது, அது மற்றொரு வகைக் கடும் மைலாய்டு லுக்கேமியா என்று திருத்தப்பட்டது. புரோமைலோசைட் லுக்கேமியாவின் முத்திரை, 15ஆம் 17ஆம் குரோமோசோம்களுக்கு இடையே நிகழும் இடமாற்றம். ஜேனட் ரவுலி குழுவினர் அதனை அறிவித்ததும் 1977இல்தான். அந்த இடமாற்றம் எச்.எல்.-60இல் இல்லை. பெயர் பிழையாக ஒட்டப்பட்ட ஒரு குடுவை சரியான நோயை நோக்கிக் கைகாட்டியது. அந்தக் குறிப்பைக் காப்பாற்றியது, வளர்ப்பு வரிசையோடு நின்றுவிடாமல் நோயாளிகளின் உயிரணுக்களிலும் சோதித்த 1981ஆம் ஆண்டின் ஒழுங்குதான்.

3. முதிர்வு: விறைப்பிலிருந்து நெகிழ்வுக்கு

முதிரும்போது சட்டகத்தில் நிகழ்வது என்ன? இதற்கான முதல் விடை மூலக்கூறுகளிலிருந்து வரவில்லை. ஓர் இயந்திரவியல் சோதனையிலிருந்து வந்தது. 1970இல் ரோச்செஸ்டரைச் சேர்ந்த மார்ஷல் லிச்ட்மேன், எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தார். முதிராத மைலோபிளாஸ்ட் எளிதில் குழாய்க்குள் நுழையவில்லை. முதிர்ந்த உயிரணு வளைந்து நெகிழ்ந்து உள்ளே சென்றது. மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்குள் புக வேண்டிய உயிரணு மிகக் குறுகிய துளைகளைக் கடக்க வேண்டும். ஆகவே நெகிழ்வுதான் மஜ்ஜையைவிட்டு வெளியேறும் அனுமதிச் சீட்டாக இருக்கலாம் என்று அவர் கருதினார்.

பின்னர் வந்த மூலக்கூறு ஆய்வுகள் ஒரு புதிரை முன்வைத்தன. 1983இல் மேயரும் ஹோவர்டும் எச்.எல்.-60 முதிரும்போது அதிலுள்ள ஆக்டினின் அளவு கூடுவதைக் கண்டனர். சட்டகப் பொருள் கூடினால் உயிரணு விறைக்க வேண்டுமல்லவா? இதற்கான விடையின் ஒரு பகுதி 1988இல் குவியட்கோவ்ஸ்கியின் ஆய்வில் கிடைத்தது. மைலாய்டு முதிர்வின்போது சிறப்பாக உயர்பவை ஆக்டினை ஆளும் புரதங்கள், குறிப்பாக ஜெல்சொலின். ஹெலன் யின், தாமஸ் ஸ்டோசல் ஆகியோர் 1979இல் மேக்ரோபேஜ்களிலிருந்து கண்டறிந்த புரதம் அது. கால்சியத்தின் கட்டளைப்படி ஆக்டின் இழைகளை வெட்டி, கூழாக இருப்பதைக் கரைசலாக்கும் அதன் ஆற்றலையே அதன் பெயர் குறிக்கிறது. ஆக, முதிரும் உயிரணு செங்கல்லைச் சேர்ப்பதோடு அதனை நொடியில் கலைத்து அடுக்கும் கொத்தனாரையும் சேர்த்துக்கொள்கிறது. நகர வேண்டிய உயிரணுவுக்குச் சுவரைவிட இந்த வேகமே தேவை.

உட்கருவின் கதை இதற்கு இணையாகச் செல்கிறது. 1974இல் நியூக்ளியோசோம்களைக் கண்ட ஆய்வாளர்களுள் இடம்பெற்ற ஆடா ஒலின்ஸ், டொனால்டு ஒலின்ஸ் தம்பதியர், பின்னாளில் எச்.எல்.-60இன் உட்கரு கதுப்புகளாகப் பிரியும் விதத்தை ஆராய்ந்தனர். உட்கருவின் உள்மதிலை இறுக்கமாக்கும் லாமின் ஏ இவ்வுயிரணுக்களில் மிகக் குறைவு. ரெட்டினாயிக் அமிலம் சேர்த்தபோது லாமின் பி ஏற்பி என்ற உறைப்புரதம் உயர்கிறது. நுண்குழல்களைக் குலைத்தால் கதுப்புகள் ஒழுங்காக உருவாவதில்லை. சாயமேற்றிய தகட்டில் மாணவர்கள் எண்ணிப் பழகும் கதுப்புகள், வெளியிலிருந்து நுண்குழல்கள் தரும் விசையும் உள்ளே தளர்ந்த மதிலும் சேர்ந்து ஆக்கிய வடிவம் என்று கொள்ளலாம். இதற்கு மனிதச் சான்றும் உண்டு. பெல்கர்–ஹூவெட் என்னும் மரபுநிலையில் நியூட்ரோபிலின் உட்கரு கதுப்புகளாகப் பிரிவதில்லை. லாமின் பி ஏற்பியின் மரபணுப் பிழையே அதன் காரணம் என்பது 2002இல் தெளிவாயிற்று. 2013இல் ரோவட் குழுவினர் எச்.எல்.-60இல் லாமின் ஏ-யை வலிந்து கூட்டியபோது, முதிர்ந்த பின்னும் அவ்வுயிரணுக்கள் குறுகிய வழிகளைக் கடக்கத் தடுமாறின.

லிச்ட்மேனின் கண்ணாடிக் குழாய்க்கு எண்கள் கிடைத்தது 2006இல். ரோசன்புளூத், லாம், ஃபிளெச்சர் ஆகியோர் அணுவிசை நுண்ணோக்கியால் அளந்தபோது எச்.எல்.-60 உயிரணுவின் விறைப்பு சராசரியாக 855 பாஸ்கலாகவும், இயல்பான நியூட்ரோபிலின் விறைப்பு 156 பாஸ்கலாகவும் இருந்தன. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் உறிஞ்சிப் பார்த்து உணர்ந்தது உண்மையே.

4. இறப்பு: அதே கருவிகள், வேறு பணி

1972இல் கெர், வைலி, கியூரி ஆகிய மூவரும் அபோப்டோசிஸ் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினர். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் பரிந்துரைத்த அச்சொல்லுக்கு இலையோ இதழோ உதிர்தல் என்பது பொருள். அவர்களது வாதம் முற்றிலும் வடிவத்தின் மீது எழுப்பப்பட்டது: உயிரணு சுருங்குகிறது, குரோமாட்டின் அடர்கிறது, மேற்பரப்பு கொப்புளமிடுகிறது, உறையிட்ட துண்டுகளாகப் பிரிகிறது. இக்காட்சியை நடத்தும் நொதிகள் அன்று அறியப்படவில்லை.

முதிர்வையும் இறப்பையும் ஒரே குடுவையில் இணைத்தவர்கள் அயர்லாந்தின் காட்டர் குழுவினர். நியூட்ரோபிலாக முதிரத் தூண்டப்பட்ட எச்.எல்.-60 உயிரணுக்கள் அதன்பின் அபோப்டோசிஸ் வழியாகவே இறக்கின்றன என்று 1990இல் அவர்கள் காட்டினர். இது வெறும் ஆய்வகச் செய்தி அன்று. இயல்பான நியூட்ரோபிலின் வாழ்நாள் மிகக் குறுகியது. இறப்பு அதன் முதிர்ச்சித் திட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. லுக்கேமியா உயிரணு முதிர மறுப்பதன் வழியே இறக்கவும் மறுக்கிறது. முதிர்வித்தால் இறப்பு தானே வந்து சேர்கிறது. பழுத்த இலைதான் உதிரும்.

அதே குழுவினர் நுண்குழல்களைக் குலைத்தால் எச்.எல்.-60 தற்கொலைப் பாதையில் செல்வதையும் கண்டனர். நித்தியகல்யாணி மருந்தின் செயலுக்கு இது காலந்தாழ்ந்து கிடைத்த விளக்கங்களுள் ஒன்று. 1992இல் அவர்கள் மற்றொன்றையும் காட்டினர். ஆக்டின் இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் சேர்த்தபோது, டி.என்.ஏ. துண்டாவது நிற்கவில்லை, உயிரணு துண்டுகளாகப் பிரிவது மட்டும் நின்றது. சாவதற்கு ஆக்டின் தேவையில்லை; கெர் குழுவினர் வரைந்த அந்த ஒழுங்கான சாவுக்கு ஆக்டின் தேவை. ஒழுங்கு ஏன் முக்கியம்? உறையிட்ட துண்டுகளை அண்டை உயிரணுக்கள் விழுங்கிவிடும். உறை கிழிந்து சிந்தும் சரக்கு அழற்சியை மூட்டும்.

1997இல் ஜெல்சொலின் மீண்டும் மேடையேறியது. இறப்பின்போது இயங்கும் காஸ்பேஸ்-3 என்னும் நொதி அதனை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு கால்சியத்தின் கட்டளைக்குக் காத்திராமல் ஆக்டினை அறுக்கத் தொடங்குகிறது. ஜெல்சொலின் இல்லாத சுண்டெலிகளின் நியூட்ரோபில்களில் கொப்புளமிடுவது தாமதமாயிற்று. 2001இல் இரு குழுக்கள் தனித்தனியே, அதே நொதி ராக்-1 என்னும் கைனேசையும் வெட்டி நிரந்தரமாக முடுக்கிவிடுவதைக் கண்டன. அதனால் ஆக்டினும் மயோசினும் இறுகி மேற்பரப்பு கொப்புளமிடுகிறது. லாமின்களும் காஸ்பேஸ்களால் அறுபட்டு உட்கரு சரிகிறது.

முதிரும்போது உயிரணு சேர்த்துவைத்த கொத்தனாரே இறக்கும்போது இடிப்பவராகிறார். மாறியது கருவி அன்று, கட்டுப்பாடு. முதிர்வில் வந்துபோகும் கட்டளைக்கு அடங்கிய செயல், இறப்பில் திரும்பப் பெற முடியாத ஒரு வெட்டினால் அவிழ்த்துவிடப்படுகிறது.

5. படுக்கையருகே

ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர் 1988இல் 24 புரோமைலோசைட் லுக்கேமியா நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்த விளைவை வெளியிட்டனர். 23 பேர் அம்மருந்தால் மட்டுமே முழுத் தணிவு பெற்றனர், மஜ்ஜை வெறுமையாகவில்லை. கொல்லாமல் குணப்படுத்தலாம் என்பதற்கு அது சான்று. எனினும் அம்மருந்தை மட்டும் பெற்றவர்களுள் பலருக்கு நோய் திரும்பியது. முதிர்வு தொடக்கம், முடிவு அன்று.

வெள்ளைப் பாஷாணம் என்று நாம் அறியும் ஆர்செனிக் டிரையாக்சைடை 1970களில் ஹார்பினில் ஜாங் டிங்டாங் குழுவினர் கையாண்டனர். அது செயல்படும் விதத்தை 1990களின் நடுவில் ஆராய்ந்தபோது, மிகக் குறைந்த செறிவில் புரோமைலோசைட் உயிரணுக்கள் பகுதியளவு முதிர்வதும், சற்றுக் கூடிய செறிவில் அபோப்டோசிஸ் அடைவதும் தெரிந்தன. ஒரே மருந்தின் இரு அளவுகளில் ஒரே கதையின் இரு பாதிகள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து 86.1 விழுக்காட்டினர் தணிவு பெற்றதை விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006இல் அறிவித்தனர். செலவு மிக்க சிகிச்சை எட்டாத நாடுகளுக்கு அதன் பொருள் பெரிது. இரு மருந்துகளையும் இணைத்த ஐரோப்பிய ஆய்வில், ஈராண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவின்றியும் இருந்தோர் 97 விழுக்காடு. 2013இல் வெளியான முடிவு இது.

சட்டகம் தன் மறுபக்கத்தைக் காட்டியதும் இங்கேதான். ரெட்டினாயிக் அமிலம் பெற்ற 35 பேரில் 9 பேருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலில் வெள்ளணுக்கள் திரளுதல் ஆகியவை தோன்றியதை 1992இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்தனர். முதிரத் தொடங்கிய உயிரணுக்கள் நகரவும் ஒட்டவும் திசுக்களுக்குள் நுழையவும் கற்றுக்கொள்கின்றன. அவை கற்ற பாடமே நோயாளிக்கு ஆபத்தாகிறது. காலத்தே டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது உயிர் காக்கிறது. இதற்கு எதிர்முனையில், வேதிமருந்தால் இறக்கும் லுக்கேமியா உயிரணுக்கள் பன்மடங்கு விறைப்பதை லாம் குழுவினர் 2007இல் அளந்தனர். ஆக்டினைக் குலைத்தபோது அவ்விறைப்பு தணிந்தது. சிகிச்சை தொடங்கியவுடன் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதற்கு இவ்விறைப்பும் காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து. முதிர்ந்து நெகிழ்ந்தால் ஓர் ஆபத்து. இறந்து விறைத்தால் மற்றோர் ஆபத்து.

6. இவ்வரலாறு நமக்குச் சொல்வது

முதலாவது, இத்துறையில் வடிவத்தை நோக்கிய கண் பெரும்பாலும் மூலக்கூறுக்கு முன்னே சென்றது. லிச்ட்மேனின் குழாயும் கெரின் விவரணையும் பிற்கால உயிர்வேதியியலால் தள்ளுபடியாகவில்லை. பொருள் ஏற்றம் பெற்றன. மரபணு வரிசைகளின் காலத்தில் பயிலும் மாணவர் நுண்ணோக்கியின் முன் அமர்வதைப் பழைய வழக்கம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, வளர்ப்பு வரிசையின் பெயர் அதன் பிறப்புச் சான்றிதழ் அன்று. எச்.எல்.-60 பற்றிய பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது 1988ஆம் ஆண்டின் திருத்தத்தை நினைவிற்கொள்க. புரோமைலோசைட் லுக்கேமியா பற்றிய முடிவுக்கு 1991இல் பிரான்சில் லனோட் குழுவினர் வெளியிட்ட, குரோமோசோம் இடமாற்றம் உடைய என்.பி.4 வரிசையையோ நோயாளியின் உயிரணுக்களையோ நாடுக.

மூன்றாவது, முதிர்வு என்றும் இறப்பு என்றும் துறைகள் பிரிந்து, தனித்தனி இதழ்களில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஜெல்சொலின் இரு பக்கமும் நின்றுகொண்டிருந்தது. 1979, 1988, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளின் கட்டுரைகளை அருகருகே வைத்துப் படிப்பவருக்கே அது ஒரே புரதத்தின் வாழ்க்கை வரலாறாகத் தெரியும். முதிர்வுச் சிகிச்சை புரோமைலோசைட் லுக்கேமியாவில் வென்ற அளவுக்கு மற்ற மைலாய்டு லுக்கேமியாக்களில் இன்னும் வெல்லவில்லை. அத்தடையை மரபணுப் படியெடுப்பில் மட்டும் தேடாமல், முதிரவும் முடியாமல் உதிரவும் முடியாமல் நிற்கும் சட்டகத்திலும் தேட வேண்டும் என்பதே இவ்வரலாற்றைப் படித்து நான் அடைந்த முடிவு. இத்துறையில் பணிபுரிவோர் மாற்றுக் கருத்திருப்பின் பின்னூட்டத்தில் எழுதுக, விவாதிக்கலாம்.